‘டபுள் டவுன்’: சீட்டு மேசையிலிருந்து செய்தித் தலைப்புக்கு வந்த ஒரு வினை

அமெரிக்க அரசியலையோ அங்குள்ள பெருநிறுவனங்களையோ பற்றிய ஆங்கிலச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்கள், ‘டபுள்ஸ் டவுன்’ என்று முடியும் தலைப்புகளை அடிக்கடி பார்த்திருப்பார்கள். அதிபர் ஒருவர் தம் கருத்தின் மீது ‘டபுள் டவுன்’ செய்தார். ஒரு நிறுவனம் செயற்கை நுண்ணறிவின் மீது ‘டபுள் டவுன்’ செய்கிறது. ஒரு பயிற்சியாளர் தோற்றுப்போன உத்தியின் மீதே மறுபடியும் ‘டபுள் டவுன்’ செய்தார். ‘டபுள்’ என்றால் இரு மடங்கு, ‘டவுன்’ என்றால் கீழே. இரண்டும் எல்லோருக்கும் தெரிந்த சொற்கள்தான். ஆனாலும் அவற்றைச் சேர்த்துப் படிக்கும்போது, எது இரு மடங்கானது, எது கீழே போனது என்ற குழப்பமே மிஞ்சுகிறது. அந்தக் குழப்பத்தோடு மொழிபெயர்க்கப்படும் செய்திகளில் ‘அதிபர் இரட்டிப்பாக்கினார்’ என்பது போன்ற பொருளற்ற வாக்கியங்கள் உருவாகின்றன.

சுருக்கமான பொருள் இதுதான்: ஒருவர் ஏற்கெனவே எடுத்த நிலைப்பாடு கேள்விக்கு உள்ளான பிறகு, அதிலிருந்து பின்வாங்காமல், முன்னைவிட அழுத்தமாக அதையே மீண்டும் எடுப்பது. இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, எப்போது பாராட்டாகவும் எப்போது கண்டனமாகவும் ஒலிக்கிறது, எந்த இடத்தில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பவற்றை விளங்கிக்கொள்ள, சற்று அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டியுள்ளது.

வினையும் அதன் வாலும்

ஆங்கில இலக்கணத்தில் ‘ஃபிரேசல் வெர்ப்’ எனப்படுவது, ஒரு வினைச்சொல்லோடு ‘அப்’, ‘டவுன்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ போன்ற சிறுசொல் ஒன்று சேர்ந்து, இரண்டின் தனிப்பொருளிலிருந்தும் ஊகிக்க முடியாத புதுப்பொருளைத் தரும் கூட்டுவினை. ‘கிவ்’ என்றால் கொடு. ‘கிவ் அப்’ என்றால் கைவிடு. ‘லுக்’ என்றால் பார். ‘லுக் ஆஃப்டர்’ என்றால் கவனித்துக்கொள்.

இந்த ஏற்பாடு தமிழருக்குப் புதிதன்று. ‘விட்டுக்கொடு’ என்ற சொல்லில் விடுவதும் கொடுப்பதும் தனித்தனியே நடப்பதில்லை. ‘நண்பனை ஆசிரியரிடம் போட்டுக்கொடுத்தான்’ என்றால் யாரும் எதையும் தரையில் போடவில்லை. தமிழில் இரண்டு வினைகள் சேர்ந்து செய்யும் வேலையை ஆங்கிலத்தில் ஒரு வினையும் ஒரு சிறுசொல்லும் சேர்ந்து செய்கின்றன. ஆகவே ‘டபுள் டவுன்’ என்பதில் உள்ள ‘டவுன்’ கீழ்த்திசையைக் காட்டுகிறது என்று எண்ணி அதற்குத் தனியாகப் பொருள் தேடுவது வீண்வேலை. தமிழ் எழுத்தில் எழுதினால் அது நகரத்தைக் குறிக்கும் ‘டவுன்’ போலவும் தோன்றுகிறது என்பது கூடுதல் தொல்லை.

சீட்டு மேசையில் என்ன நடக்கிறது

இந்த வினையின் பிறப்பிடம் ‘பிளாக்ஜாக்’ என்ற சீட்டாட்டம். கேசினோ எனப்படும் சூதாட்ட விடுதிகளில் ஆடப்படும் இந்த ஆட்டத்தின் விதிகளில் நமக்குத் தேவையானவை சிலவே.

ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் சீட்டு போடும் டீலரை எதிர்த்து ஆடுகிறார். சீட்டுகளின் மதிப்பைக் கூட்டினால் 21-ஐத் தாண்டக் கூடாது. தாண்டாமல் டீலரைவிட அதிகம் வைத்திருப்பவருக்கு வெற்றி. ராஜா, ராணி, ஜாக்கி ஆகிய படச்சீட்டுகளுக்கும் பத்துக்கும் மதிப்பு 10. ஏஸுக்கு 1 அல்லது 11. ஆட்டக்காரருக்கு முதலில் இரண்டு சீட்டுகள் வரும். டீலரின் சீட்டுகளில் ஒன்று எல்லோரும் பார்க்கும்படி திறந்திருக்கும். அதன் பிறகு ஆட்டக்காரர் விரும்பும்வரை சீட்டு கேட்டுக்கொண்டே போகலாம். போதும் என்று நிறுத்தியும் கொள்ளலாம். டீலருக்கு இந்தச் சுதந்திரம் இல்லை. கூட்டுத்தொகை 16 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அவர் சீட்டு எடுத்தே ஆக வேண்டும். பொதுவாக 17-ஐ எட்டியதும் நிறுத்திவிட வேண்டும்.

‘டபுள் டவுன்’ என்பது இந்த ஆட்டத்தில் ஆட்டக்காரருக்கு உள்ள ஒரு சிறப்பு உரிமை. முதல் இரண்டு சீட்டுகளைப் பார்த்த பிறகு, அவர் தம் பந்தயப் பணத்தை இரு மடங்காக்கிக்கொள்ளலாம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அதன் பின் அவருக்கு ஒரே ஒரு சீட்டுதான் கிடைக்கும். அது எவ்வளவு மோசமான சீட்டாக இருந்தாலும் இன்னொன்று கேட்க முடியாது.

ஓர் ஆட்டத்தை நெருங்கிப் பார்க்கலாம். ஆட்டக்காரர் 100 டாலர் வைக்கிறார். அவருக்கு 6, 5 என இரண்டு சீட்டுகள் வருகின்றன, கூட்டினால் 11. டீலரின் திறந்த சீட்டு 6. ஒரே சீட்டுக்கட்டு என்று வைத்துக்கொண்டால், ஆட்டக்காரர் கண்ணில் படாத சீட்டுகள் 49. அவற்றில் பத்து மதிப்புள்ளவை 16. அதாவது அடுத்த சீட்டில் நேராக 21-ஐத் தொடுவதற்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. எந்தச் சீட்டு வந்தாலும் 21-ஐத் தாண்டும் அபாயம் இல்லை. மறுபுறம், 6-ஐத் திறந்து வைத்திருக்கும் டீலர் கட்டாயமாகச் சீட்டு எடுத்து 21-ஐத் தாண்டித் தோற்பது நூற்றுக்கு ஏறத்தாழ 42 முறை. இந்த இடத்தில் ஆட்டக்காரர் இன்னொரு 100 டாலரை மேசையில் வைத்து ‘டபுள் டவுன்’ என்கிறார்.

அது கணக்குப் பார்த்து எடுக்கும் முடிவு. வீம்புக்கு அதில் இடமில்லை. 1956-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் ஆய்விதழில் ரோஜர் பால்ட்வினும் அவருடைய மூன்று தோழர்களும் வெளியிட்ட கட்டுரை, இந்த ஆட்டத்தில் எந்தக் கட்டத்தில் என்ன செய்வது சிறந்தது என்பதை மேசைக் கணிப்பான்களின் துணையோடு கணக்கிட்டுக் காட்டியது. நால்வரும் அப்போது அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றியவர்கள். 11 போன்ற நல்ல கூட்டுத்தொகை கையில் இருக்கும்போது பந்தயத்தை இரட்டிப்பது அத்தகைய கணக்குகள் பரிந்துரைக்கும் ஆட்டமுறை.

ஆக, மூலப்பொருளில் இரண்டு கூறுகள் உள்ளன. ஒன்று, பணயம் உயர்கிறது. இரண்டு, விலகும் வழி சுருங்குகிறது. செய்தியாளர்கள் இந்தச் சொல்லைக் கடன் வாங்கியபோது முதல் கூறு மட்டுமே எல்லோர் கண்ணிலும் பட்டது. இரண்டாவது கூறுதான் இந்த வினையை அரசியலுக்கு இவ்வளவு பொருத்தமாக்கியது என்று சொல்லத் தோன்றுகிறது.

அரசியல் மேடையில்: ஒரு புயலும் ஒரு கறுப்பு மையும்

உருவகப் பொருளில் இந்த வினை சரியாக அமைவதற்கு மூன்று கூறுகள் வேண்டும்.

1. முன்பே வெளிப்படையாக எடுத்த ஒரு நிலைப்பாடோ செய்த ஒரு செயலோ இருக்க வேண்டும். முதன்முறையாகச் சொல்லப்படும் கருத்து எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அது ‘டபுள் டவுன்’ ஆகாது.

2. அந்த நிலைப்பாட்டுக்கு எதிர்ப்போ திருத்தமோ இழப்போ நேர்ந்திருக்க வேண்டும். யாரும் கேள்வி எழுப்பாதபோது ஒருவர் தம் கருத்தை இரண்டாம் முறை சொன்னால் அது வெறும் மறுகூற்று.

3. பதில் முன்னைவிட அழுத்தமாக இருக்க வேண்டும். ‘சொன்னது சொன்னதுதான்’ என்று நிற்பதோடு, புதிய வாதமோ கூடுதல் செயலோ பெரிய உரிமைகோரலோ சேர வேண்டும்.

இந்த மூன்றும் படிப்படியாக அரங்கேறியதைக் காண 2019 செப்டம்பர் முதல் வாரத்தைப் பார்க்கலாம். டோரியன் புயல் அட்லாண்டிக் கடலில் வலுப்பெற்று அமெரிக்கக் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. செப்டம்பர் 1 காலையில் அதிபர் டொனால்ட் டிரம்ப் தம் ட்விட்டர் பக்கத்தில், எதிர்பார்த்ததைவிடக் கடுமையாகப் பாதிக்கப்படக்கூடிய மாநிலங்களின் பட்டியலில் அலபாமாவையும் சேர்த்தார். அலபாமாவில் பர்மிங்ஹாம் பகுதிக்கான தேசிய வானிலைச் சேவை அலுவலகம் ஏறத்தாழ இருபது நிமிடங்களில், டோரியனால் அலபாமாவுக்கு எந்தப் பாதிப்பும் இராது என்று பதிவிட்டது. அதற்குச் சில நாட்கள் முன்பு வெளியான முன்னறிவிப்புகளில் அலபாமாவின் ஒரு பகுதிக்குப் பலத்த காற்றுக்கான சிறு சாத்தியம் காட்டப்பட்டிருந்தது உண்மை. ஆனால் செப்டம்பர் 1 அன்று நிலைமை மாறியிருந்தது.

இந்தக் கட்டத்தில் அதிபருக்கு எளிய வழி ஒன்று இருந்தது: பழைய முன்னறிவிப்பை வைத்துச் சொன்னேன் என்று விட்டுவிடலாம். அவர் அலபாமா என்ற பெயரை அதே நாளில் மீண்டும் கூறினார். அடுத்து, தம்மைத் திருத்திய செய்தியாளர்களைக் கண்டித்தார். செப்டம்பர் 4 அன்று அதிபர் அலுவலகத்தில் அவர் காட்டிய முன்னறிவிப்பு வரைபடத்தில், புயலின் பாதையைக் குறிக்கும் வெள்ளைப் பகுதியோடு ஒட்டி, கறுப்பு மார்க்கர் பேனாவால் வரைந்த ஒரு வளைவு அலபாமாவின் தென்கோடியைத் தொட்டது. அதை யார் வரைந்தது என்று கேட்டபோது தமக்குத் தெரியாது என்றார். செப்டம்பர் 6 அன்று, வானிலைச் சேவையின் தாய் அமைப்பான தேசியப் பெருங்கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகம், எந்த அதிகாரியின் பெயரும் இல்லாத ஓர் அறிக்கையில், பர்மிங்ஹாம் அலுவலகத்தின் பதிவைக் குறைகூறியது. அதே நாளில் புயல் வடக்குக் கரோலினாவின் ஹேட்டரஸ் முனையில் கரையேறியது. அடுத்த ஆண்டு, அந்த அறிக்கை அமைப்பின் அறிவியல் நேர்மைக் கொள்கையை மீறியது என்று விசாரணை முடிவு வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு படியிலும் திரும்பும் செலவு கூடிக்கொண்டே போனது. முதல் நாளில் ஒரு வரித் திருத்தம் போதுமானதாக இருந்தது. ஆறாம் நாளில் பின்வாங்க வேண்டுமானால் வரைபடத்துக்கும், செய்தியாளர் மீதான கண்டனத்துக்கும், ஓர் அரசு அமைப்பின் அறிக்கைக்கும் சேர்த்து விளக்கம் தர வேண்டியிருந்தது. சீட்டு மேசையின் இரண்டாவது கூறு, அதாவது இனிமேல் வேறு சீட்டு கேட்க முடியாது என்பது, இங்கே வேறு வடிவில் வேலை செய்கிறது.

ஒன்றையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். இந்த வினை ஒருவர் சொன்னது பொய் என்று கூறுவதில்லை. அழுத்தம் வந்தபோது அவர் எந்தத் திசையில் நகர்ந்தார் என்பதை மட்டுமே அது காட்டுகிறது. உண்மையைச் சொல்லி எதிர்ப்புக்கு உள்ளான ஓர் அறிவியலாளர் கூடுதல் சான்றுகளோடு மீண்டும் அதையே வலியுறுத்தினாலும் அதுவும் ‘டபுள் டவுன்’தான். ஆயினும் அரசியல் செய்திகளில் இந்தத் தொடர் பெரும்பாலும் தவறென்று கருதப்படும் ஒன்றைப் பற்றியே வருவதால், அதைச் சுற்றி ஒரு குற்றச்சாட்டின் வாடை படிந்துவிட்டது. தீர்ப்பு சொல்லாமலே தீர்ப்பின் சாயலை ஏற்றிவிடலாம் என்பதால் தலைப்பு எழுதுபவர்களுக்கு இது வசதியான சொல். படிப்பவர்கள் அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

எதிர்த்திசையில் செல்லும் வினை

‘டபுள் டவுன்’ என்பதை ‘வாக் பேக்’ என்ற இன்னொரு கூட்டுவினையோடு சேர்த்துப் படித்தால் இரண்டும் தெளிவாகும். ‘வாக் பேக்’ என்றால் சொன்னதிலிருந்து மெல்ல நழுவுவது. முழுமையாகத் திரும்பப் பெறுவதோ மன்னிப்புக் கேட்பதோ அதற்குத் தேவையில்லை. ‘நான் சொன்னதன் பொருள் வேறு’ என்ற அளவில் பின்னோக்கி நடந்தால் போதும்.

2018 ஜூலை 16 அன்று ஹெல்சிங்கியில் ரஷ்ய அதிபர் புதினோடு நடந்த செய்தியாளர் சந்திப்பில், 2016 அமெரிக்கத் தேர்தலில் தலையிட்டது ரஷ்யாவாக இருப்பதற்குத் தாம் எந்தக் காரணத்தையும் காணவில்லை என்ற பொருளில் டிரம்ப் பேசினார். சொந்தக் கட்சியிலும் எதிர்ப்பு எழவே, மறுநாள், ‘இருப்பதற்கு’ என்ற இடத்தில் ‘இல்லாதிருப்பதற்கு’ என்று சொல்ல நினைத்ததாக விளக்கம் தந்தார். அதை ஆங்கில ஊடகங்கள் ‘வாக் பேக்’ என்று எழுதின. ஒரே தலைவர், இரண்டு நிகழ்வுகள், இரண்டு வினைகள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவையான நிகழ்வும் உண்டு. 2022 மார்ச் 26 அன்று வார்சாவில் பேசிய அதிபர் ஜோ பைடன், புதின் ஆட்சியில் நீடிக்கக் கூடாது என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைச் சொல்லி உரையை முடித்தார். சிறிது நேரத்திலேயே, அவர் ஆட்சி மாற்றத்தைப் பற்றிப் பேசவில்லை என்று வெள்ளை மாளிகை அதிகாரி ஒருவர் விளக்கினார். இரண்டு நாட்கள் கழித்துச் செய்தியாளர்கள் கேட்டபோது பைடன், தாம் எதையும் ‘வாக் பேக்’ செய்யவில்லை என்றும், தமக்கு ஏற்பட்ட அறச்சீற்றத்தை வெளிப்படுத்தியதாகவும், அது கொள்கை மாற்றம் அல்ல என்றும் கூறினார். சொற்களில் பிடியை விடவில்லை. கொள்கையளவில் அதிகாரிகளின் விளக்கத்தை ஏற்றுக்கொண்டார். இத்தகைய பதிலை ‘டபுள் டவுன்’ என்று எழுதினால் மேலே கூறிய மூன்றாவது கூறு அதில் இல்லை என்பதால் தவறாகும். தலைப்புகளில் இந்த வேறுபாடு அவ்வளவாகக் காக்கப்படுவதில்லை என்பது வேறு விஷயம்.

வணிகச் செய்திகளில்

நிறுவனங்களைப் பற்றிய செய்திகளில் இதே வினை கண்டனத்தின் வாடையை இழந்து, பெரும்பாலும் முனைப்பைக் குறிக்கிறது. ஒரு துறையில் கூடுதல் பணத்தையும் ஆட்களையும் இறக்குவது என்பதே அங்கு பொருள். நிறுவனத் தலைவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே இப்படிச் சொல்லிக்கொள்வதும் உண்டு. எந்த அரசியல்வாதியும் ‘நான் டபுள் டவுன் செய்கிறேன்’ என்று பெருமையோடு அறிவிப்பது அரிது.

ஃபேஸ்புக் நிறுவனம் 2021 அக்டோபரில் மெட்டா என்று பெயர் மாற்றிக்கொண்டு, ‘மெட்டாவெர்ஸ்’ எனப்படும் மெய்நிகர் உலகமே தன் எதிர்காலம் என்று அறிவித்தது. அந்தப் பணியைக் கவனிக்கும் ரியாலிட்டி லேப்ஸ் பிரிவின் செயல்பாட்டு இழப்பு 2021-இல் ஏறத்தாழ 1,019 கோடி டாலர். 2022 அக்டோபரில் முதலீட்டு நிறுவனமான ஆல்டிமீட்டரின் தலைவர் ஒரு திறந்த மடலில், மெட்டாவெர்ஸ் செலவை ஆண்டுக்கு 500 கோடி டாலருக்குள் அடக்கும்படி கேட்டார். மார்க் சக்கர்பெர்க் இதற்கு இணங்கவில்லை. நவம்பரில் 11,000 பேரை வேலையிலிருந்து நீக்கியபோதும் அந்தப் பிரிவு தொடர்ந்தது. 2022-இல் இழப்பு 1,372 கோடி டாலர். 2023-இல் 1,612 கோடி.

இந்த எண்களில் இன்னொரு பாடமும் இருக்கிறது. இவ்வாறான முதலீடுகளைத்தான் செய்தியாளர்கள் ‘டபுள் டவுன்’ என்று எழுதினார்கள். ஆனால் 1,019-க்கும் 1,372-க்கும் இடையிலான உயர்வு ஏறத்தாழ 35 விழுக்காடு. அடுத்த ஆண்டின் உயர்வு அதன் பாதியளவே. எதுவும் இரு மடங்காகவில்லை. சீட்டு மேசையை விட்டு வெளியே வந்த பிறகு இந்த வினையில் உள்ள ‘டபுள்’ எண்ணளவை இழந்துவிட்டது. ஆகவே வணிகச் செய்தியை மொழிபெயர்ப்பவர், ‘முதலீட்டை இரு மடங்காக்கியது’ என்று எழுதினால் அது நடையில் நேரும் சிறு பிழையோடு நிற்காது. தவறான புள்ளிவிவரமாகவே அச்சேறும்.

தோற்றபின் இரட்டிப்பது வேறு

பங்குச் சந்தையைப் பற்றி எழுதுபவர்கள் அடிக்கடி கலந்துவிடும் மூன்று செயல்கள் உண்டு.

1. பிளாக்ஜாக்கின் ‘டபுள் டவுன்’. கையில் சாதகமான சீட்டுகள் இருக்கும்போது, முடிவு தெரியும் முன்பே பணயத்தை உயர்த்துவது.

2. ‘மார்ட்டிங்கேல்’ எனப்படும் சூதாட்ட முறை. தோற்கும் ஒவ்வொரு முறையும் அடுத்த பந்தயத்தை இரு மடங்காக்குவது. ஒருமுறை வென்றாலே எல்லா இழப்பும் திரும்பிவிடும் என்பது இதன் கவர்ச்சி. 100 ரூபாயில் தொடங்கித் தொடர்ந்து பத்து முறை தோற்றால் இழப்பு 1,02,300 ரூபாய். பதினோராவது பந்தயத்துக்கு 1,02,400 ரூபாய் வைக்க வேண்டும். அதில் வென்றால் நிகர லாபம் வெறும் 100 ரூபாய்.

3. நம்மூர் முதலீட்டாளர்கள் ‘ஆவரேஜ் பண்ணுவது’ என்று சொல்வது. 200 ரூபாய்க்கு வாங்கிய 100 பங்குகள் 100 ரூபாய்க்கு இறங்கியதும் இன்னொரு 100 பங்கு வாங்கி, சராசரி விலையை 150 ரூபாய்க்குக் கொண்டுவருவது.

உருவகப் பொருளில் ‘டபுள் டவுன்’ என்று சொல்பவர்களின் மனத்தில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது. இழப்பு வந்தபின் விடாமல் மேலும் போடுவது என்ற பொருள் இப்படித்தான் உள்ளே நுழைந்திருக்க வேண்டும். சாதகமான கையை மேலும் சாதகமாக்கும் கணக்கு, பாதகமான கையை விடமுடியாத பிடிவாதத்துக்குப் பெயராகிவிட்டது.

அந்தப் பிடிவாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு பேரிங்ஸ் வங்கி நன்கு அறியப்பட்ட உதாரணம். 1762-இல் தொடங்கப்பட்ட இந்த லண்டன் வங்கியின் சிங்கப்பூர் கிளையில் வணிகம் செய்துவந்த நிக் லீசன், இழப்புகளை 88888 என்ற கணக்கில் மறைத்து வைத்துக்கொண்டு, அவற்றை மீட்க மேலும் பெரிய பந்தயங்களை எடுத்தார். 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் தாக்கியதும் டோக்கியோவின் நிக்கேய் குறியீடு சரிந்தது. அப்போதும் அவர் குறியீடு உயரும் என்ற பக்கத்திலேயே மேலும் வாங்கிக் குவித்தார். பிப்ரவரி இறுதியில் வங்கி வீழ்ந்தபோது இழப்பு 82.7 கோடி பவுண்டு. டச்சு நிறுவனமான ஐஎன்ஜி அந்த வங்கியை ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கியது.

மனிதர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதற்கு மேலாண்மை ஆய்வாளர் பேரி ஸ்டா 1976-இல் ஒரு சோதனையின் மூலம் விடை தேடினார். ஒரு கற்பனை நிறுவனத்தின் எந்தப் பிரிவில் பணம் போடுவது என்று மாணவர்களிடம் கேட்கப்பட்டது. முதல் முடிவைத் தாங்களே எடுத்து அது தோல்வியடைந்ததைப் பார்த்தவர்கள், அதே பிரிவுக்கு இரண்டாம் முறை ஒதுக்கிய பணம் மற்றவர்கள் ஒதுக்கியதைவிட அதிகமாக இருந்தது. தோல்விக்குத் தாமே பொறுப்பு என்ற நிலைதான் மேலும் போடத் தூண்டியது. தம் முதல் முடிவு சரியென்று நிறுவும் தேவை பணத்தின் கணக்கை முந்திக்கொண்டது. அரசியல்வாதியின் ‘டபுள் டவுன்’ பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தது என்பது என் கணிப்பு. ஆதரவாளர்களின் கைதட்டலுக்காகத் திட்டமிட்டுச் செய்வோரும் இருக்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது 11-ஐக் கையில் வைத்திருப்பவரின் கணக்குத்தான்.

பயன்படுத்தும் முறை

ஆங்கிலத்தில் எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில.

1. இந்த வினைக்கு நேரடியான செயப்படுபொருள் இல்லை. எதன் மீது என்பதை ‘ஆன்’ என்ற முன்னிடைச்சொல் கொண்டே சேர்க்க வேண்டும். வினையையும் ‘டவுன்’ என்பதையும் பிரித்து நடுவில் எதையும் நுழைக்க முடியாது.

2. எழுவாய் மனிதராகவோ, முடிவெடுக்கும் அமைப்பாகவோ இருக்க வேண்டும். வெங்காய விலையோ மழையளவோ ‘டபுள் டவுன்’ செய்ய முடியாது. இரு மடங்கானது என்று மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில் ‘டபுள்’ என்ற தனிவினையே போதும். நம் மாணவர்கள் அதிகம் செய்யும் பிழை இதுதான்.

3. ‘டபுள் அப்’ என்பது வேறு. அது இடப்பற்றாக்குறையால் ஓர் அறையை இருவர் பகிர்வதையும், வலியாலோ சிரிப்பாலோ உடல் வளைவதையும் குறிக்கும். ‘டபுள் பேக்’ என்றால் வந்த வழியே திரும்பிப் போவது. சிறுசொல் மாறினால் பொருள் நேர் எதிராகவே போய்விடும் என்பதற்கு இந்தக் கடைசிச் சொல் நல்ல சான்று.

4. நடை பேச்சு சார்ந்தது. அமெரிக்க ஆங்கிலத்தில் வேரூன்றி மற்ற நாடுகளுக்குப் பரவியது. செய்தி, விமர்சனம், அலுவலக உரையாடல் ஆகியவற்றுக்குப் பொருந்தும். நீதிமன்ற மனு, அரசாணை, ஆய்வேடு ஆகியவற்றில் ‘ரீஅஃபர்ம்’ அல்லது ‘பெர்சிஸ்ட்’ போன்ற சொற்களே ஏற்றவை. மிகைப்படுத்தி வேடிக்கையாக ‘டிரிபிள் டவுன்’ என்று எழுதுவோரும் உண்டு. அதைப் பின்பற்ற வேண்டியதில்லை.

தமிழில் எழுதும்போது

எல்லா இடத்துக்கும் ஒரே தமிழ்ச்சொல் பொருந்தாது. எதிர்ப்புக்குப் பின் கருத்தை வலியுறுத்தினால் ‘தாம் கூறியதை மேலும் அழுத்தமாக வலியுறுத்தினார்’ என்பது நடுநிலையான வடிவம். ‘பிடிவாதமாக இருக்கிறார்’ என்பது எழுதுபவரின் தீர்ப்பைச் சேர்க்கிறது. ‘உறுதியாக நிற்கிறார்’ என்பதும் மறுபக்கத்தில் அதையே செய்கிறது. ‘தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்’ என்ற பழமொழி தலைப்புக்குக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் அது ஒருவர் சொல்வது அபத்தம் என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகிறது. கருத்துப் பத்திகளில் அதற்கு இடம் உண்டு, செய்தியில் இல்லை. வணிகச் செய்தியானால் ‘அத்துறையில் மேலும் முனைப்புக் காட்டுகிறது’ அல்லது ‘கூடுதலாக முதலீடு செய்கிறது’ என்று எழுதி, எவ்வளவு கூடுதல் என்பதை எண்ணால் தரலாம்.

மூலப்பேச்சே தமிழில் இருக்கும்போது இந்தச் சிக்கல் விநோதமாகிறது. 2023 செப்டம்பர் 2 அன்று சென்னையில் நடந்த சனாதன ஒழிப்பு மாநாட்டில் அப்போது அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின் பேசிய பேச்சு நாடெங்கும் சர்ச்சையானது. இனப்படுகொலைக்கு அழைப்பு விடுத்தார் என்ற குற்றச்சாட்டை அவர் மறுத்தார்; அதே பதிலில், தாம் பேசிய ஒவ்வொரு சொல்லிலும் உறுதியாக நிற்பதாகவும் தெரிவித்தார். ஒரு விளக்கத்தை மறுப்பதும் பேச்சைக் கைவிடாமல் நிற்பதும் சேர்ந்த இந்தப் பதிலை ‘டபுள் டவுன்’ என்ற ஒற்றை வினைக்குள் அடைத்தால், மறுப்பு என்ற பாதி காணாமல் போகிறது. அப்படி எழுதிய ஆங்கிலத் தலைப்பை மீண்டும் தமிழாக்கினால் எஞ்சியதும் கலங்கிவிடும். இப்படிப்பட்ட செய்திகளில் ஆங்கில வினைக்குத் தமிழ் தேடுவதை விட்டுவிட்டு, பேசியவர் தமிழில் என்ன சொன்னார், எதை மறுத்தார், எதை மீண்டும் சொன்னார் என்பதை அவருடைய சொற்களிலேயே எடுத்தெழுதுவதுதான் உதவி ஆசிரியர் செய்யக்கூடிய சரியான வேலை.